கடலடிச் சான்றும் காமிராவின் கண்ணும்



கடல் கொண்ட ஊர்களைப் பற்றிய செய்தி தமிழ் மக்களுக்குப் புதிதன்று. காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் விளங்கிய புகார் நகரத்தைக் கடல் கொண்டது என மணிமேகலை கூறுகின்றது. மாமல்லபுரத்தில் இன்று நாம் காணும் கடற்கரைக் கோயிலோடு வேறு ஆறு கோயில்களும் இருந்தன என்றும், அவை அலைவாய்ப்பட்டு மறைந்தன என்றும் செவிவழிச் செய்தி வழங்குகின்றது. பழைய ஐரோப்பிய மாலுமிகளும் அவ்வூரை 'ஏழு பகோடாக்கள்' என்றே அழைத்தனர். இவ்விரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட கரையில், திண்டிவனத்திற்குக் கிழக்கே, மரக்காணம் இருக்கின்றது. பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் குறிக்கும் சோபட்மா என்ற துறைமுகம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

இத்தகைய கரையை அடுத்து வாழும் நமக்கு மூன்று வினாக்கள் எழுவது இயல்பு. கடலடியில் கிடப்பது யாது? அதனைக் காண்பது எவ்வாறு? கண்டதைப் பிறரும் ஐயமின்றி ஏற்கும்படி காட்டுவது எவ்வாறு? மூன்றாவது வினாவைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். திண்டிவனத்தில் நான் வரலாற்றுப் பாடம் நடத்திய நாளில், "கடலுக்குள் நகரம் இருப்பது உண்மையானால் ஒரு படம் எடுத்துக் காட்டிவிடலாமே, ஐயா?" என்று மாணவன் ஒருவன் கேட்டான். வினா எளியது. விடையோ ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டு வரலாற்றைத் தன்னுள் அடக்கியது.

முதலில் நிலத்தின்மேல் நடந்ததைக் காண்போம். 1856-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். அவர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சென்று, விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படம் எடுத்தார். அவ்வாறு எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார். அழகுக்காக எடுத்த படம் அன்று அது. தஞ்சைக்கு வர இயலாத அறிஞரும் எழுத்துகளைக் கண்டு ஆராயவேண்டும் என்பதே அதன் நோக்கம். காமிரா வரலாற்றுக்குச் சான்று கூறத் தொடங்கிய நாள்களுள் அதுவும் ஒன்று.

டிரைப் நியமனம் பெற்ற அதே 1856-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வில்லியம் தாம்சன் என்ற வழக்கறிஞர் வேறொரு முயற்சியில் இறங்கினார். நீருக்குள் நிற்கும் பாலத் தூண்கள் சிதைந்துள்ளனவா என்பதை ஆள் இறங்காமலே அறிய முடியுமா என்பது அவர் சிந்தனை. காமிராவை ஒரு பெட்டியில் அடைத்து, வேமத் விரிகுடாவில் 18 அடி ஆழத்துக்குக் கயிற்றால் இறக்கினார். படகில் இருந்தவாறே மூடியைத் திறந்து, சுமார் பத்து நிமிடம் ஒளிபடச் செய்தார். பெட்டிக்குள் நீர் கசிந்து புகுந்துவிட்டது. ஆயினும் கல்லும் கடற்பாசியும் மங்கலாகப் பதிந்திருந்தன. கடலடியின் முதற் புகைப்படம் இதுவே என்பர்.

ஒரே காலத்தில் தொடங்கிய இவ்விரண்டு கலைகளும் ஒரே வேகத்தில் வளரவில்லை. தஞ்சையில் டிரைப் எழுத்துகளைத் தெளிவுறப் பதிந்தார். வேமத்தில் தாம்சனுக்குக் கிடைத்தது மங்கல் உருவமே. காரணம் யாது? காமிராவுக்கும் பொருளுக்கும் இடையே நிற்கும் நீர்தான். அழுத்தம், ஒளி விலகல், ஒளி விழுங்கல் என நீர் மூன்று தடைகளை வைக்கின்றது. கடலடிப் புகைப்படக் கருவிகளின் வரலாறு முழுவதும் இம்மூன்று தடைகளுக்கும் மனிதன் கண்ட விடைகளின் வரலாறே ஆகும்.

அழுத்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. 23 மீட்டர் ஆழத்தில், பத்து சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உள்ள ஒரு சிறு பலகையின்மீது, மேற்பரப்பில் இருப்பதைவிடச் சுமார் 230 கிலோகிராம் மிகுதியான சுமை ஏறுகின்றது. தாம்சனின் பெட்டி 18 அடியிலேயே கசிந்ததில் வியப்பில்லை. 1893-இல் பிரான்சு நாட்டு உயிரியல் அறிஞர் லூயி பூத்தான், தம் உடன்பிறந்தாரின் துணையோடு, நீர் புகாத பெட்டி ஒன்றை அமைத்துப் பான்யுல் கடலில் தாமே மூழ்கிப் படம் எடுத்தார். பிற்காலத்தில் உலோகப் பெட்டிகளும், அவற்றின் விளிம்பில் பதியும் மெல்லிய ரப்பர் வளையங்களும் வந்தன. 1960-களின் தொடக்கத்தில், கூஸ்தோவின் முயற்சியால், தனிப் பெட்டியே வேண்டாத கலிப்ஸோ என்ற காமிரா பிறந்தது. அதனையே ஜப்பானிய நிறுவனமான நிக்கான் 1963 முதல் நிக்கானாஸ் என்னும் பெயரில் செய்து விற்றது. 2001 வரை அவ்வரிசை நீடித்தது. இன்று பெரும்பாலோர் டிஜிட்டல் காமிராவை நீர்புகாப் பெட்டிக்குள் வைத்தே பயன்படுத்துகின்றனர். காலம் மாறினும் காவல் அந்த ரப்பர் வளையத்திடமே இருக்கின்றது. அதில் ஒரு தலைமயிரோ மணற்பொடியோ ஒட்டியிருந்தால் விலையுயர்ந்த கருவி உப்புநீருக்கு இரையாகும்.

இரண்டாவது தடை ஒளி விலகல். விழுப்புரத்தில் நான் பணியாற்றிய பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இதனைக் கிண்ணமும் காசும் கொண்டு விளக்குவது வழக்கம். கிண்ணத்தின் விளிம்பு மறைப்பதால் கண்ணுக்குத் தெரியாத காசு, நீர் வார்த்தவுடன் மேலெழுந்ததுபோல் தோன்றும். அவ்விதியே கடலிலும் ஆட்சி செய்கின்றது. தட்டையான கண்ணாடிச் சன்னலின் வழியே பார்க்கும்போது பொருள் தன் உண்மைத் தொலைவின் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தோன்றும். உருவமும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காணும். ஆகவே லென்ஸின் பார்வைக் கோணம் சுருங்கிவிடுகின்றது. நிலத்தில் அகலமாகக் காட்டும் 28 மில்லிமீட்டர் லென்ஸ், நீரில் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் லென்ஸ் போலவே நடக்கும். இதற்கு மாற்றாக வந்தது அரைக்கோள வடிவக் கண்ணாடி. அது இழந்த கோணத்தை மீட்டுத் தருகின்றது. ஆனால் அதன் முன்னே சிறிது தொலைவில் ஒரு மாய பிம்பம் தோன்றுவதால், அண்மையிலும் தெளிவாகக் குவியக்கூடிய லென்ஸையே அதனோடு பொருத்துதல் வேண்டும்.

மூன்றாவது தடையே வலியது. நீர் ஒளியை விழுங்கும். அதிலும் செந்நிறத்தை முதலில் விழுங்கும். சில மீட்டர் ஆழத்திற்குள்ளேயே சிவப்பு பெரிதும் குன்றி, அனைத்தும் நீலமும் பசுமையுமாகத் தோன்றும். பழம்பதி ஆராய்வோர்க்கு இது சிறு குறையன்று. நம் முன்னோர் செங்கல்லும் கருப்பு-சிவப்புப் பானைகளும் விட்டுச் சென்றனர். விளக்கின்றி எடுத்த படத்தில் செங்கல் எது, பாசி படர்ந்த கருங்கல் எது என்று யார் கூறவல்லார்? பூத்தான் இதனை உணர்ந்து, மக்னீசியம் எரியும் விளக்கு ஒன்றை நீருக்கடியிலே பயன்படுத்தினார். 1926-இல் அமெரிக்காவில் லாங்லியும் மார்ட்டினும் கடலடியின் முதல் வண்ணப் படங்களை எடுத்தபோது, மக்னீசியப் பொடியை மிதவைமேல் வைத்து வெடிக்கச் செய்தனர். இன்று காமிராவின் இருமருங்கிலும் நீண்ட கைகளில் மின்பிளாஷ் விளக்குகளைப் பொருத்துகின்றனர். கைகள் நீள்வதற்குக் காரணம் உண்டு. மார்கழி விடியலில் திண்டிவனம் நெடுஞ்சாலையில் செல்லும் பேருந்தின் விளக்கு, பனியை வெண்திரையாக்கி ஓட்டுநர் கண்ணை மறைப்பதைக் கண்டிருப்பீர்கள். கலங்கிய நீரில் லென்ஸுக்கு நேர் அருகே விளக்கு வைத்தால் மிதக்கும் துகள்கள் அவ்வாறே படத்தைக் கெடுக்கும். பக்கவாட்டில் இருந்து சாய்வாக ஒளி வந்தால் அக்குறை தணியும்.

நிற்க. இக்கருவிகள் நம் பக்கத்துக் கடலில் என்ன செய்தன என்பதைக் காண்போம்.

இலங்கையில் திருக்கோணமலைக் குன்றின்மேல் இருந்த பழைய கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் இடித்தனர். அதன் கற்கள் சில கோட்டைக்குச் சென்றன. பல கடலில் வீழ்ந்தன. 1956-இல் எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் குன்றின் அடியில் மூழ்கி, சிற்ப வேலைப்பாடுள்ள கற்களையும் தூண்களையும் கண்டு படமெடுத்தனர். அடுத்த ஆண்டு வெளிவந்த கிளார்க்கின் நூலால் உலகம் அச்செய்தியை அறிந்தது. ஏட்டில் படித்த ஓர் இழப்பு, கண்ணால் காணும் உண்மையாயிற்று.

பூம்புகாரில் நடந்த ஆய்வு இதனினும் கடினமானது. கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம், எஸ். ஆர். ராவ் தலைமையில் 1981-இல் முதல் ஆய்வைத் தொடங்கியது. 1991 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறையோடு சேர்ந்து அப்பணி தொடர்ந்தது. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை இலாட வடிவில் ஓர் அமைப்பு காணப்பட்டது. ஒரு பழைய கப்பலின் சிதைவும் அக்கடலில் கிடைத்தது. அதிலிருந்த ஈயக் கட்டிகளில் பிளாக்கெட் என்ற பெயரும், 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஈயக் கட்டி தானே தன் பெயரையும் வயதையும் கூறுகின்றது. அதன் எழுத்தைத் தெளிவாகக் காட்டும் ஓர் அண்மைப் படம் போதும். இலாட வடிவ அமைப்போ வாய் திறப்பதில்லை. அது மனிதர் கட்டியதா, இயற்கையின் ஆக்கமா, அதன் காலம் யாது என்பனவற்றை எத்துணை அழகிய படமும் தனியே தீர்த்துவைக்க முடியாது. அப்படத்தை மட்டும் கைக்கொண்டு மாபெரும் நகரங்களைக் கற்பனை செய்வோர் உண்டு. அது வரலாற்றுக்கும் தமிழுக்கும் செய்யும் தொண்டு ஆகாது.

மாமல்லபுரத்தில் 2002-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதே நிறுவனமும் இங்கிலாந்து நாட்டு அறிவியல் ஆய்வுச் சங்கம் ஒன்றும் இணைந்து மூழ்கின. கரைக்குச் சில நூறு மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், சுவர்களும் செதுக்கிய கற்களும் சிதறிக் கிடந்தன. அவற்றின்மேல் கடலுயிர்கள் தடித்து வளர்ந்திருந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கரையோர மணலை அரித்துச் சில பழைய சின்னங்களை வெளிப்படுத்தியபின், இந்தியத் தொல்லியல் துறையும் கடற்படையும் அங்கு மேலும் ஆய்ந்தன.

இவ்வரலாற்றிலிருந்து கருவி தேர்வோர் கொள்ளவேண்டிய முறை என்ன? விலைப்பட்டியலை முதலில் விரித்தல் ஆகாது. "நான் எதனை மெய்ப்பிக்க விரும்புகின்றேன்? எந்த நீரில் இறங்கப் போகின்றேன்?" என்று முதலில் கேட்டல் வேண்டும். சுவரின் போக்கைக் காட்ட விரும்புவோர்க்கு அகலக் கோண லென்ஸும் அரைக்கோளக் கண்ணாடியும் வேண்டும். கலங்கிய வங்கக் கடலில் தொலைவில் நின்று உருப்பெருக்கிப் பயனில்லை. அருகே செல்ல வேண்டும். அருகே சென்றும் முழுமையாகக் காண அகலக் கோணமே உதவும். ஈயக் கட்டியின் எழுத்தையோ பானையோட்டின் கீறலையோ பதிய விரும்புவோர்க்கு அண்மைக் காட்சி லென்ஸும் தட்டைக் கண்ணாடியும் ஏற்றவை. இருவர்க்கும் விளக்கு இன்றியமையாதது. அதன்பின் எஞ்சும் பொருளைக் காமிராவுக்குச் செலவிடலாம்.

துணைக்கருவிகளுள் மிக மலிவானதும் மிக மதிப்புடையதும் ஒன்று உண்டு. கருப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டிய ஓர் அளவுகோல் அது. பொருளின் அருகே அதனை வைத்து, வடதிசை காட்டும் அம்புக்குறியும் இட்டு எடுத்த படம் சான்றாகும். அவை இல்லாத படம் வெறுங்காட்சியே. நீர் பொருளைப் பெரிதாக்கிக் காட்டும் என்று மேலே கூறினேன் அல்லவா? அம்மயக்கத்தைத் தீர்ப்பது அவ்வளவுகோலே. இக்காலத்தில் ஒரே பொருளைப் பல கோணங்களில், ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நூற்றுக்கணக்கில் படமெடுத்து, கணினியால் அவற்றை இணைத்து, அளக்கத்தக்க முப்பரிமாண உருவமாக ஆக்குகின்றனர். தஞ்சையில் டிரைப் 21 படங்களைப் பசைகொண்டு ஒட்டிய வழியின் வளர்ச்சியே இது எனலாம்.

மாணவர்களே, தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முதுமொழி. முன்னோர் பெருமை பேசுவது எளிது. அதனை உலகின் முன் மெய்ப்பிப்பது உழைப்பு. இயற்பியல் கற்போரும், வரலாறு கற்போரும், மரக்காணம் முதலிய கரைகளில் தலைமுறையாகக் கடலை அறிந்த மீனவக் குடிப் பிள்ளைகளும் ஒருங்கே சேர்ந்தால்தான் அவ்வுழைப்பு நிறைவுறும். நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள், முறையான பயிற்சியும் உடன் மூழ்கும் துணையும் இன்றிக் கடலில் இறங்காதீர்கள், கண்டதை அளந்து எழுதுங்கள், கிடந்த பொருளை இடம் பெயர்க்காதீர்கள். கடலடியில் கிடக்கும் கல் பல நூற்றாண்டுகளாகப் பொறுத்திருக்கின்றது. அதனிடம் ஒழுங்காக வினவத் தெரிந்தவருக்காக இன்னும் சில ஆண்டுகள் அது பொறுக்கும்.