கல்லைப் பேச வைத்தது கேள்விதான்!



பழைய கிரேக்கத்தையும் ரோமாபுரியையும் நமக்கு மீட்டுத் தந்தது அறிஞர்களின் அனுபவமா, மாணவர்களின் ஆர்வமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர், "படிக்கிற பயலுக்கு என்னங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஐயா, தெரியாதுங்கிறதுதான் அவனுடைய பலமே! தெரிந்தவன் பேசுவான், தெரியாதவன்தானே கேட்பான்? (கைதட்டல்)

1936ஆம் ஆண்டு. லண்டனிலே ஒரு கண்காட்சி. அங்கே சர் ஆர்தர் எவன்ஸ் என்ற பெரியவர் நிற்கிறார். வயது 85. கிரீட் தீவிலே க்னோசஸ் அரண்மனையை 1900இல் தோண்டத் தொடங்கியவர். அங்கே கிடைத்த களிமண் பலகைகளைக் காட்டுகிறார். பலகை முழுக்க எழுத்து. ஆனால் அதை ஒருத்தராலும் படிக்க முடியவில்லை. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு நகர்கிறார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த 14 வயதுப் பையன் ஒருவன் மட்டும் நகரவில்லை. "ஐயா, இதை இன்னும் யாருமே படிக்கலையா?" என்ற பொருளிலே கேட்கிறான். அவன் பெயர் மைக்கேல் வென்ட்ரிஸ்.

அந்தக் கேள்வி அவனை விடவே இல்லைங்க. 18 வயதில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினான். படித்தது கட்டடக் கலை, பிழைப்பும் அதுதான். ஆனால் மனசு களிமண் பலகையிலே! 1952இல், தன் 30ஆவது வயதுக்கு முன்பே, அந்த எழுத்தை உடைத்துவிட்டார். அது என்ன மொழி தெரியுமா? கிரேக்கம்! ஹோமருக்கும் பல நூற்றாண்டு முந்திய கிரேக்கம்.

சரி, இது உண்மைதானா? 1953இலே சாட்சி வந்தது. பைலோஸ் என்ற ஊரில் தோண்டிய பலகை ஒன்று. அதில் பானைகளின் படம். ஒன்றுக்கு மூன்று கைப்பிடி, ஒன்றுக்கு நான்கு, ஒன்றுக்கு ஒன்றுமே இல்லை. வென்ட்ரிஸ் கண்ட முறையிலே பக்கத்தில் இருந்த எழுத்தைப் படித்தால், 'மூன்று காது', 'நான்கு காது', 'காது இல்லாதது' என்று வருகிறது! படமும் எழுத்தும் கைகோத்துக்கொண்டு சாட்சி சொன்னது.

எதிரணி நண்பர் உடனே எழுந்திருப்பார். "புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியை ஆலிஸ் கோபரை மறந்துட்டீங்களே!" மறக்கவில்லை ஐயா. அந்த அம்மையார் தாள் கிடைக்காத போர்க்காலத்திலே, கிடைத்த காகிதத்தையெல்லாம் துண்டு துண்டாக வெட்டி, சிகரெட் பெட்டிகளிலே அடுக்கி, ஒவ்வொரு குறியையும் கணக்கெடுத்தார். சொற்களின் முடிவு மாறுவதை அவர்தான் காட்டினார். 1950இல் மறைந்தார், விடையைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அவர் போட்ட படியிலேதான் வென்ட்ரிஸ் ஏறினார். கைகூப்பி ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடுவர் அவர்களே, இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அனுபவத்தின் சிகரமான எவன்ஸ் என்ன செய்தார்? அந்த மொழி கிரேக்கமாக இருக்கவே முடியாது என்று உறுதியாக நம்பினார். பலகைகளில் பெரும்பாலானவற்றை வெளியிடாமலே 1941இல் காலமானார். வென்ட்ரிஸும் பல வருஷம் வேறு மொழி என்றுதான் நினைத்தார். சான்று எதிராக வந்ததும் தன் எண்ணத்தைத் தூக்கிப் போட்டார். அதுதான் மாணவ குணம்!

அடுத்து சிலைக்கு வருவோம். கிரேக்கச் சிலை என்றால் நம் கண்ணிலே என்ன வருகிறது? பால் வெள்ளைப் பளிங்கு. விங்கெல்மன் என்ற ஜெர்மன் அறிஞர் 1764இல் எழுதிய கலை வரலாற்றிலே, உடல் எவ்வளவு வெண்மையோ அவ்வளவு அழகு என்ற கருத்தைச் சொல்லிவைத்தார். வண்ணத் தடயங்களை இடையிலே சிலர் கண்டும், உலகம் வெள்ளையையே பிடித்துக்கொண்டது.

1980களின் தொடக்கம். மியூனிக்கிலே வின்சென்ஸ் பிரிங்க்மன் என்ற ஆராய்ச்சி மாணவர். உளி பட்ட தடத்தைத் தேடி, விளக்கை நேரே பிடிக்காமல் பக்கவாட்டிலே சாய்த்துப் பிடித்தார். வண்ணம் பூசிய இடம் ஒரு மாதிரியும் பூசாத இடம் ஒரு மாதிரியும் தேய்ந்திருந்தது! மறைந்துபோன பூவேலையும் கட்டமும் நிழலாக எழுந்து வந்தன. 2003இல் அதே நகரில் வண்ணச் சிலைகளின் கண்காட்சி நடந்தது. ஏஜினா கோயிலின் வில்லாளன், நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் போட்ட கால்சட்டையோடு நின்றான். கல்யாண வீட்டு மாப்பிள்ளை தோற்றான் போங்கள்! (சிரிப்பு)

ரோமுக்கு வருகிறேன். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தது. ஹெர்குலேனியம் என்ற ஊரிலே ஒரு மாளிகை நூலகம், அப்படியே கரியாகிப் புதைந்தது. 1750களில் நூற்றுக்கணக்கான சுருள்களைத் தோண்டி எடுத்தார்கள். திறக்கப் போனால் பொடியாகிறது. பேராசிரியர் பிரென்ட் சீல்ஸ் ஆண்டுக்கணக்கில் உழைத்து, எக்ஸ்ரே படத்தின் மூலம் பிரிக்காமலே சுருளைப் பிரிக்கும் வழியை உண்டாக்கினார். அப்படியும் கரியிலே கரி மசி, கண்ணுக்குத் தெரியவில்லை. 2023இல் படங்களை உலகத்துக்கே திறந்துவிட்டுப் போட்டி வைத்தார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த 21 வயது மாணவர் லூக் ஃபாரிட்டர், கணினிக்குப் பயிற்சி கொடுத்து முதல் சொல்லைப் படித்தார். 'ஊதா' என்று பொருள் தரும் கிரேக்கச் சொல்! மறு ஆண்டு அவரும், எகிப்து மாணவர் யூசெஃப் நாதரும், சுவிட்சர்லாந்து மாணவர் யூலியான் ஷில்லிகரும் சேர்ந்து பல பத்திகளைப் படித்து 7 லட்சம் டாலர் பரிசு பெற்றார்கள். உள்ளே என்ன இருந்தது? இசை, உணவு, இன்பம் பற்றிய தத்துவம். ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷமாகக் கரிக்குள்ளே காத்திருந்த பேச்சு!

சீல்ஸ் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அவர் பெட்டியைப் பூட்டி வைக்கவில்லை பாருங்கள். பெரியவர் திறந்து கொடுத்தால் பிள்ளை படிக்கும்; பூட்டி வைத்தால் பூச்சிதான் படிக்கும்! (பலத்த கைதட்டல்)

தாய்மார்களே, பிள்ளையை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம். "தொடாதே, நிக்காதே, வாயை மூடிக்கிட்டு வா!" என்கிறோம். தொடாதே என்பது சரி. வாயை மூடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த 14 வயதுப் பையனை அன்றைக்கு யாராவது அப்படி அதட்டியிருந்தால், அந்தப் பலகைகள் எத்தனை காலம் ஊமையாகக் கிடந்திருக்கும்?

ஆகவே நடுவர் அவர்களே, அனுபவம் சேர்த்து வைக்கும். மாணவனின் ஆர்வம்தான் அதைத் திறக்கும். தீர்ப்பை எங்கள் பிள்ளைகளின் பக்கம் தாருங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.