கொம்புக்குக் கொம்பு மாற்றாகுமோ?

நோய் தீர்க்கும் மருந்துக்காகப் பிறிதோர் உயிரைக் கொல்லலாமா என்னும் வினா மிகப் பழையது. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவராகக் கருதப்படும் உக்ராதித்தியர் என்னும் சமண முனிவர், ‘கல்யாணகாரகம்’ என்ற வடமொழி மருத்துவ நூலை இயற்றினார். புலாலை விலக்கியே மருந்துகளை வகுத்த அவர், புலால் மருந்தாகாது என வாதிடும் பகுதியொன்றையும் அந்நூலில் சேர்த்தார். தமிழில் ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகிய அறநூல்களைத் தந்த சமண ஆசிரியர்களும், அவற்றுக்கு மூலிகை மருந்துகளின் பெயர்களையே சூட்டினர். இவ்வினாவைப் பொருட்படுத்தாத மருந்து வாணிகம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு, நம் காலத்தில் மத்திய ஆசியாவில் வாழ்ந்த சைகா மானின் கதை சான்றாகும்.

சைகா, கசகஸ்தான், உருசியா, உஸ்பெகிஸ்தான், மங்கோலியா நாடுகளின் பரந்த புல்வெளிகளில் மந்தை மந்தையாகத் திரியும் விலங்கு. ஆட்டளவே உடலும், துதிக்கை போலத் தொங்கும் மூக்கும் உடையது. ஆணுக்கு மட்டுமே கொம்பு உண்டு. காய்ச்சலையும் வலிப்பையும் தணிப்பதாகக் கூறிச் சீன மருத்துவர் அக்கொம்பை நெடுங்காலமாகப் பயன்படுத்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டையால் அருகிப்போன அவ்வினம், சோவியத் அரசின் பாதுகாப்பால் மீண்டும் பல இலட்சமாகப் பெருகியது.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் காண்டாமிருகத்திற்குப் பேரழிவு நேர்ந்தது. 1970ஆம் ஆண்டளவில் ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 65,000 ஆக இருந்த கறுப்புக் காண்டாமிருகங்கள், 1995இல் சுமார் 2,400 ஆகக் குறைந்தன. மருந்துக்கும் ஏமன் நாட்டுக் குத்துவாட்பிடிக்கும் அதன் கொம்பு விலைபோனதே முதன்மைக் காரணம். 1993இல் சீன அரசு காண்டாமிருகக் கொம்பு, புலி எலும்பு ஆகியவற்றின் வாணிகத்தைத் தடைசெய்து, மருந்து நூலிலிருந்தும் அவற்றை நீக்கியது. இதற்குச் சற்று முன்னர், காண்டாமிருகத்தைக் காக்க விரும்பிய காட்டுயிர்ப் பாதுகாவலர் சிலர், சைகா கொம்பை மாற்றாகக் கொள்ளலாம் என்று பரிந்துரைத்திருந்தனர். சைகா அப்போது ஏராளமாக இருந்ததால், அவ்வறிவுரை நல்லெண்ணத்தில் பிறந்ததே.

ஆனால் 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தது. காவல் தளர்ந்தது, எல்லைகள் திறந்தன, வேலையிழந்த ஊர்மக்களுக்குக் கொம்பு பணமாயிற்று. கொம்புள்ள ஆண்களே தேடித் தேடிக் கொல்லப்பட்டமையால், பெண்மான்களுக்குத் துணை கிட்டாது இனப்பெருக்கமே குன்றியது. பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்த இனம், பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 ஆகச் சுருங்கியது. 2002இல் அது அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

பின்னர்க் கசகஸ்தான் அரசும் ஆர்வலரும் வேட்டையைத் தடுத்து, மேய்ச்சல் நிலங்களைக் காத்தனர். 2015இல் நோயொன்று இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட மான்களைச் சில வாரங்களில் மாய்த்தது. ஆயினும் அவ்வினம் தளராது மீண்டு, 2022இல் அந்நாட்டில் மட்டும் 13 இலட்சத்தைக் கடந்தது. காட்டுச் சைகாவை வாணிகத்திற்காக ஏற்றுமதி செய்வதை 2019இல் பன்னாட்டு உடன்படிக்கையும் தடுத்தது. எனினும் சீன மருந்து நூலில் அதன் கொம்பு இன்றும் இடம்பெற்றே உள்ளது. மந்தை பெருகப் பெருக, அதை விற்கலாம் என்னும் பேச்சும் மீண்டும் எழுகிறது.

ஓர் உயிரைக் காக்க மற்றோர் உயிரைக் கைகாட்டிய அறிவுரை, பிழையை இடம் மாற்றியதே அன்றி நீக்கவில்லை. கொல்லுதல், கொல்வித்தல், கொலைக்கு உடன்படுதல் என்னும் மூன்றையும் சமண அறம் ஒன்றாகவே வைத்து விலக்குகிறது. புல்வெளியில் துப்பாக்கி ஏந்தியவன் செய்தது முதலாவது. விலை கொடுத்துத் தூண்டிய வணிகன் செய்தது இரண்டாவது. எதில் செய்தது என்று கேளாது மருந்து வாங்கியவன் செய்தது மூன்றாவது. மருந்துக் கடையில் நின்று ‘இதில் என்ன சேர்ந்திருக்கிறது?’ என்று கேட்பது சிறு செயலாகத் தோன்றலாம். எங்கோ ஒரு புல்வெளியில் மேயும் உயிருக்கு அச்சிறு கேள்வியே காவலாகும்.