வாத்தின் அச்சமும் ஆவலும்

தை, மாசித் திங்கள்களில் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ செல்வோர், சம்பா அறுவடை முடிந்த வயல்களில் வாத்துக் கூட்டங்களைக் கண்டிருக்கலாம். நூற்றுக்கணக்கான வாத்துகள்; அவற்றின் பின்னே நீண்ட கழியுடன் ஓரிருவர். சிந்திய நெல்லையும் நத்தையையும் பூச்சிகளையும் தின்றபடி கூட்டம் வயலுக்கு வயல் நகரும். அந்தக் கழி அடிப்பதற்கன்று; காட்டுவதற்கே. இடப்புறம் கழி நீண்டால் கூட்டம் வலப்புறம் திரும்புகிறது. ஒரு கழிக்கு இத்தனை உயிர்கள் பணிவது ஏன்? அச்சத்தால் என்று எளிதில் விடை கூறிவிடலாம். அச்சம் மட்டுமே எனில் அவை திசைக்கொன்றாய்ச் சிதறியல்லவா ஓட வேண்டும்? இவ்வினாவைப் பற்றிக்கொண்டு சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

நம் நாட்டு வாத்துகளின் மூதாதை, ஆணுக்குப் பச்சைத் தலை அமைந்த மல்லார்டு என்னும் காட்டு வாத்து. தரையில் கூடு கட்டும் இப்பறவைக்கு நரியும் பருந்தும் ஓயாத பகை. அதற்குக் காப்பு இரண்டே: நீர், கூட்டம். ஆகவே அஞ்சிய வாத்து தன் இனத்தை நோக்கியே ஓடுகிறது. மேய்ப்பவரின் கழி அச்சத்தைத் தருகிறது. கூட்டம் அடைக்கலம் தருகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியிலேயே வாத்து நடக்கிறது.

இப்பறவையின் இயல்பைப் பழைய உரோமானியர் நன்கு கவனித்திருந்தனர். கி.மு. 37இல் வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ, வாத்துப் பண்ணைக்கு மேலே வலை வேய வேண்டும் என்கிறார். கழுகு உள்ளே வராமலிருக்க வேண்டும். வாத்தும் வெளியே பறந்துவிடலாகாது. கி.பி. முதல் நூற்றாண்டின் கொலுமெல்லா வேறொரு வழியைக் கூறுகிறார். சதுப்பு நிலத்தில் காட்டு வாத்தின் முட்டைகளைத் திரட்டிக் கோழியின் அடியில் வைத்துப் பொரிக்கச் செய்தால், குஞ்சுகள் காட்டுக் குணத்தை விட்டுவிடும் என்பது அவர் கருத்து. கோழியை அடைக்கு வைத்து வாத்து முட்டையைப் பொரிக்கும் வழக்கம் நம் ஊர்ப்புறங்களிலும் உண்டு. நாட்டு வாத்து அடைகாப்பதில் அத்தனை நாட்டம் காட்டாததே காரணம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்த ஒரு வாரத்தையும் கோழி பொறுமையாய்க் கடந்துவிடுகிறது. ஆனால் குஞ்சுகள் முதன்முதலாகக் குளத்தில் இறங்கும்போது, வளர்த்த தாய் கரையில் நின்று பதறுகிறது. கோழி வளர்த்த இக்குஞ்சுகள் அவளை விட்டு நீரை நாடுவதைக் கி.மு. 45இல் சிசரோவும் தம் நூலில் குறித்திருக்கிறார். ஒரே நீர், தாய்க்கு அச்சம்; சேய்க்கு ஆவல்!

அச்சமும் ஆவலும் ஒரே பறவைக்குள் எப்படி இணைந்து வாழ்கின்றன என்பதற்கு வேறொரு சான்றுண்டு. அதற்கு நம் பழவேற்காட்டுடன் தொடர்புடையோரின் தாயகத்துக்குச் செல்ல வேண்டும். 1613இல் இங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பிய ஒல்லாந்தர், தம் நாட்டில் காட்டு வாத்துகளைப் பிடிக்க விந்தையான குளங்களை அமைத்திருந்தனர். குளத்திலிருந்து வளைந்து குறுகிச் செல்லும் வாய்க்கால்கள், மேலே வலை, ஓரங்களில் நாணல் தட்டிகள். தட்டிகளுக்கிடையே ஒரு சிறு நாய் தோன்றித் தோன்றி மறையும். வாத்துகள் பறந்தோடுவதில்லை! நாயைப் பார்த்தபடியே பின்தொடர்ந்து வாய்க்காலுக்குள் நீந்தி வரும். போதிய தொலைவு வந்ததும், மறைந்திருந்த வேட்டைக்காரர் அவற்றின் பின்னே வெளிப்படுவார். அஞ்சிய வாத்துகள் முன்னோக்கிப் பாய்ந்து வலையின் முனையில் சிக்கும். உள்ளே அழைத்தது ஆவல். அகப்படச் செய்தது அச்சம். பகைவன் எங்கிருக்கிறான் என்று கண்ணெதிரே வைத்துக்கொள்வதும் ஒரு தற்காப்பே. அத்தற்காப்பையே மனிதன் பொறியாக்கினான்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வியல்பை ஆய்வாளர்கள் சோதித்தனர். ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ், பொரித்த குஞ்சுகள் தாம் முதலில் காணும் அசையும் உருவைத் தாயாக ஏற்பதை 1935இல் விரிவாக எழுதினார். மல்லார்டு குஞ்சுகளுக்கு உருவம் மட்டும் போதவில்லை. அவர் புல்வெளியில் குந்தியபடி நகர்ந்து, இடைவிடாமல் வாத்தைப் போலக் கத்த வேண்டியிருந்தது! 1937இல் அவரும் நிக்கோ தின்பெர்கனும் அட்டையில் செய்த ஓர் உருவைப் பறவைகளின் தலைக்கு மேலே ஓடவிட்டனர். ஒரு திசையில் சென்றால் அது பருந்தாகவும், எதிர்த்திசையில் சென்றால் நீள்கழுத்து வாத்தாகவும் தோன்றும். பருந்துருவுக்கு மட்டுமே பறவைகள் அஞ்சியதாகத் தின்பெர்கன் கூறினார். 1961இல் வான்கோழிகளைக் கொண்டு ஆராய்ந்த வொல்ப்காங் ஷ்லைட், அடிக்கடி காணும் உருவுக்கு அச்சம் தணிகிறது, அரிதாய்க் காண்பதே அஞ்சவைக்கிறது என்று காட்டினார். லோரன்சும் தின்பெர்கனும் 1973இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

நெடுஞ்சாலையோரம் மேயும் வாத்து ஓயாது விரையும் லாரிகளைப் பொருட்படுத்தாமல், திடீரென விரித்த குடைக்கு மிரள்வதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? பழகியதை நெருங்கும், பழகாததை முதலில் விலகி நின்று பார்க்கும். அந்த விலகல் முடிந்த இடத்தில்தான் ஆவல் தொடங்குகிறது. மேய்ப்பவர் கழியைத் தேவைக்கு மேல் வீசாததும் இதனாலேயே. மிகுதியாய் வீசிய கழி, ஒன்று கூட்டத்தைச் சிதறடிக்கும். அல்லது பழகிப்போய்ப் பயனற்றதாகும். இருளில் திடுக்கிட்ட வாத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கி மடிவதுண்டு. வளர்ப்போர் கொட்டிலில் இரவெல்லாம் சிறு விளக்கு எரியவிடுவது அதனைத் தடுக்கவே.

இன்று நகரங்களில் ஆசைக்கு ஒற்றை வாத்துக் குஞ்சை வாங்கி வளர்க்கும் வழக்கம் காணப்படுகிறது. தொடக்கத்தில் காலடியில் ஓடிவரும் குஞ்சு, வளர்ந்தபின் கைநீட்டினால் விலகுகிறதே என்று வருந்துவோர் உண்டு. நன்றி மறந்ததன்று அது. மேலிருந்து இறங்கும் கை, அதன் பழைய நினைவில் பருந்தின் நிழல். தரையோடு தாழ்ந்து அமர்ந்து, கையில் தீனியுடன் காத்திருந்தால் அதுவே அடியெடுத்து வரும். ஒற்றையாய் வளர்ந்த வாத்துக்கோ அஞ்சும்போது ஓடிச் சேர ஓர் இனமில்லை. துணையின்றி அதனை வளர்ப்பது, அறியாமல் செய்யும் கொடுமை என்றே நாம் கருதுகிறோம்.

கும்மிடிப்பூண்டியைச் சுற்றி வயல்கள் ஆலைகளாகவும் மனைகளாகவும் மாறிவருகின்றன. வயல் குறையக் குறைய வாத்து மேய்ப்போரின் தடமும் சுருங்கும். ஓர் உயிரை அடிக்காமல், அதன் அச்சத்தின் அளவறிந்து நடத்திச் செல்லும் கல்வியை ஏட்டில் எழுதாது கழிநுனியில் காத்தவர்கள் அவர்கள். அடுத்த அறுவடையில் அவ்வழிச் செல்ல நேர்ந்தால், வண்டியைச் சற்றே நிறுத்தி, ஒலியெழுப்பாமல் நின்று பாருங்கள். சிறிது நேரத்தில் அக்கூட்டத்திலிருந்து ஒரு தலை நிமிர்ந்து உங்களையும் பார்க்கும்.