ஊசியோடு வந்தவள்



பழந்தமிழில் 'தையல்' என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. ஊசியும் நூலும் கொண்டு செய்யும் தொழிலும் தையல்தான். இந்த இரண்டு பொருளும் ஒருத்தியிடத்தே கூடி நிற்கும் ஒரு வரலாற்றையே இன்று நான் சொல்ல வந்தேன். துருக்கியிலிருந்து மேற்கு ஜேர்மனிக்குத் தொழிலுக்குப் போன தையற்காரி அவள். அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஆயிரமாயிரம் பெண்கள் நடந்த வழி அது.

1961 ஒக்டோபர் 30ஆம் திகதி இரு நாடுகளும் தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அவ்வாண்டு ஓகஸ்டில் பேர்லின் மதில் எழுந்து, கிழக்கிலிருந்து வேலைக்கு வருவோரின் வரவு நின்றுபோயிருந்தது. சுரங்கங்களுக்கும் கார்த் தொழிற்சாலைகளுக்கும் ஆண்கள் தேவைப்பட்டது போலவே, நெசவு, ஆடை, மின்கருவித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களின் விரல்கள் தேவைப்பட்டன. 1973 வரை அப்படிப் போனவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பெண். கணவன் பின்னால் போனவளாகவே அவளை நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் ஆண்கள் நெடுங்காலம் காத்திருக்க, பெண்களுக்கு விரைவில் அழைப்பு வந்தது. அதனால் மனைவி முதலில் போய், பின்னர் கணவனை அழைத்துக்கொண்ட குடும்பங்கள் பல.

தையல் அவளுக்குப் புதிதல்ல. துருக்கிக் குடியரசு 1920களின் பிற்பகுதி முதல் திறந்த பெண்கள் தொழிற்கல்லூரிகளில் தையலும் பூவேலையும் முக்கிய பாடங்கள். கல்லூரி வாசல் மிதியாதவளும் தன் சீதனப் பெட்டிக்காக வீட்டிலே தைத்துப் பழகியிருந்தாள்.

இஸ்தான்புல்லில் இருந்த ஜேர்மன் அலுவலகத்தில் வைத்திய பரிசோதனை நடந்தது. பல்லைப் பார்த்தார்கள், இரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். பின் சிர்கெஜி நிலையத்தில் புகையிரதம் ஏறி, இரண்டு நாட்களுக்கு மேல் பயணம் செய்து, மியூனிக் நகரின் 11ஆம் மேடையில் இறங்கினாள். மேடைக்குக் கீழே யுத்தகாலத்து நிலவறையொன்று இருந்தது. அங்கிருந்துதான் யார் எந்த ஊருக்கு என்று பிரித்தனுப்பினார்கள். அவளுக்குக் கிடைத்தது பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். சமையலறை எல்லோருக்கும் பொது. அத்தகைய விடுதி வாழ்க்கையை இலக்கியமாக்கியவர் எமினே செவ்கி ஒஸ்டமார். 1965இல் பேர்லின் தொழிற்சாலைக்கு வந்த அவர், 2022இல் ஜேர்மன் இலக்கியத்தின் உயர் விருதான பூஹ்னர் பரிசைப் பெற்றார்.

நம் தையற்காரியோ எழுதவில்லை, தைத்தாள். ஊரிலே துணி வெட்டுவது முதல் பொத்தான் வைப்பது வரை முழுச் சட்டையும் அவள் கைவேலை. இங்கே நாள் முழுவதும் கழுத்துப்பட்டி மட்டும், அல்லது கை மட்டும். துண்டுக் கணக்கில் கூலி. பெண் என்பதற்காகச் சம்பளத்தைக் குறைப்பது கூடாது என்று 1955இலேயே உயர் தொழில் நீதிமன்றம் தீர்த்திருந்தது. முதலாளிமார் அதற்கு ஒரு வழி கண்டனர். 'இலகுவான வேலை' என்றொரு சம்பளப் பிரிவு தோன்றிற்று. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. கண் மங்க, முதுகு கூன, விரலில் ஊசி ஏற உழைப்பது இலகுவான வேலையாம்!

1973 ஓகஸ்டில் நொய்ஸ் என்ற ஊரில் இந்தப் பட்டியலுக்கு எதிராகப் பெண்கள் எழுந்தனர். பீர்பூர்க் கார்புரேற்றர் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் பெரும்பான்மையினர் வெளிநாட்டுப் பெண்கள். மணிக்கு ஒரு மார்க் கூடுதலாகக் கேட்டனர். ஜேர்மன் தொழிலாளரும் அவர்களோடு சேர்ந்தனர். அங்கே மிகக் குறைந்த அந்தச் சம்பளப் பிரிவு ஒழிக்கப்பட்டது.

ஆனால் அதே ஆண்டு நவம்பர் 23இல் ஆட்சேர்ப்பை அரசாங்கம் நிறுத்தியது. ஊருக்குத் திரும்பினால் மீண்டும் வர வழியில்லை. இரண்டொரு வருடத்தில் திரும்ப நினைத்தவள், அந்தத் தடையினாலேயே பிள்ளைகளை அழைத்துத் தங்கிவிட்டாள். ஆடைத் தொழிலோ கூலி குறைந்த நாடுகளுக்குப் பெயர்ந்தது. 1983இல், வேலை இழந்த வெளிநாட்டார் குடும்பத்தோடு நாடு திரும்பினால் 10,500 மார்க் தருவதாகச் சட்டம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

போகாதவர்கள் மீண்டும் ஊசியை எடுத்தனர். ஜேர்மன் நகரத் தெருக்களில் நீங்கள் காணும் சிறு திருத்தற் கடைகள் பலவற்றின் வரலாறு இதுதான். புதிய உடை தைத்து விற்கும் கடைக்கு அந்நாளில் 'மாஸ்ரர்' சான்றிதழ் வேண்டும்; 2004இல்தான் அந்த விதி தளர்ந்தது. காற்சட்டையின் நீளத்தைக் குறைக்கவும் சிப் மாற்றவும் சான்றிதழ் தேவையில்லை. முழுச் சட்டை தைக்கத் தெரிந்தவளுக்குச் சட்டம் திறந்துவிட்டது அந்தச் சிறு கதவைத்தான். அதற்குள் நுழைந்து அவள் தன் கடைக்குத் தானே முதலாளியானாள். தொழிற்சாலையில் 'இலகு' என்று மலிவாக மதிக்கப்பட்ட அதே கைத்திறன்தான் அவளை அந்த மண்ணில் நிலைநிறுத்தியது.

2024 ஜூனில் ஜேர்மனி பிரஜாவுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. 1974இன் நடுப்பகுதிக்கு முன் ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்களுக்கு எழுத்துப் பரீட்சை இல்லை. அன்றாடம் பேசும் ஜேர்மன் மொழியே போதும். பழைய பிரஜாவுரிமையையும் கைவிட வேண்டியதில்லை. "எவ்வளவு குறைக்க வேண்டும்? எப்போது வேண்டும்?" என்று கடைக்கு வருவோரிடம் கேட்டுப் பழகிய மொழி போதும் என்று ஒப்புக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அதற்குள், முதற் புகையிரதங்களில் வந்தவர்களில் பலர் மறைந்துவிட்டனர்.