குருத்துப்பூச்சிப் பொறியும் வெயிலும்

குருத்துப்பூச்சி இளம் நெற்பயிரில் விழுந்தால் நடுக்குருத்து காயும். கதிர் வெளிவரும் நேரத்தில் விழுந்தால் மணி பிடிக்காத வெண்கதிர்தான் மிஞ்சும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகாலும் தென்காலும் பாயும் வயல்களில், கார்ப் பருவமானாலும் பிசானப் பருவமானாலும், இது பழைய தொல்லை. புழு தண்டுக்குள் புகுந்துவிட்டால் தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. ஆகவே தாய்ப்பூச்சியைப் பிடிக்கும் வழி தேடினார்கள். விளக்குப்பொறி அதில் முந்தியது. ஆனால் நன்மை செய்யும் பூச்சிகளும் வெளிச்சத்துக்கு வந்து சாகும்.

வாசனையால் ஆண்பூச்சியை மட்டும் வரவழைக்கலாம் என்பதற்கு இந்தியாவிலேயே நூறாண்டுச் சான்று உண்டு. பீகாரிலுள்ள பூசாவில் பணியாற்றிய எஃப். எம். ஹவ்லெட், சிட்ரோனெல்லா எண்ணெயை ஆண் பழ ஈக்கள் மொய்ப்பதை 1912இல் எழுதினார். மெத்தில் யூஜினால் அவற்றை ஈர்ப்பதை 1915இல் பதிவு செய்தார். அது செடியின் மணம். பூச்சி தானே சுரக்கும் இனக்கவர்ச்சிப் பொருளை முதலில் பிரித்தெடுத்து அறிவித்தவர் ஜெர்மானியரான அடால்ஃப் பியூட்டனான்ட். அதற்கு ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன; ஆண்டு 1959.

நெல் குருத்துப்பூச்சியின் முறை 1985இல் வந்தது. பெண்பூச்சியின் மணத்தில் இரண்டு ஆல்டிஹைடுகள் 3:1 விகிதத்தில் இருப்பதை ஆலன் கார்க் குழுவினர் கண்டனர். சிக்கலும் அந்த ஆல்டிஹைடில்தான். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை அமிலமாக்கும். வெயிலின் புற ஊதாக்கதிர் அந்த வேலையை விரைவுபடுத்தும். அமிலமான பின் ஆண்பூச்சிக்கு அது பெண்ணின் அழைப்பாகத் தெரியாது. மாறாக, கோவில்பட்டிக் கரிசலின் பருத்தியைத் தாக்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் மணம் அசிட்டேட் வகை. 1973இல் இனங்காணப்பட்ட அது இவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. நெல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இந்த மணம் வைத்த பொறியை நிழலில் வைக்கவும் வழியில்லை. பயிரின் உச்சிக்குச் சற்று மேலே, திறந்த வெயிலில்தான் கட்ட வேண்டும்.

எனவே வேதியியலர்கள் மணத்தோடு காவலையும் சேர்த்தனர். சமையல் எண்ணெய் காறாமலிருக்கக் கலக்கும் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுயீன் ஆக்சிஜனைத் தடுக்கும். பென்சோஃபீனோன் வகைப் பொருள்கள் புற ஊதாக்கதிரைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். இவற்றோடு கலந்த மணத்தை ரப்பர் குமிழிலோ, பாலித்தீன் குப்பியிலோ, பி.வி.சி. பிசினிலோ ஏற்றினால் அது சிறுகச் சிறுகக் கசியும். 1990களில் ஆந்திர நெல்வயல்களில் பி.வி.சி. பிசின் வகையைப் பரப்பி, ஆண்பூச்சியைக் குழப்பி இணைசேர விடாமல் தடுக்கும் சோதனைகள் நடந்தன. 2013இல் பெங்களூரு ஆய்வாளர்கள் ஹவ்லெட்டின் அதே மெத்தில் யூஜினாலை நானோகூழில் அடைத்தனர்; ஆவியாவது குறைந்தது, குளிர்பதனமின்றி எடுத்துச் செல்லவும் முடிந்தது.

சாதாரண உழவருக்கு இன்றும் பெரும்பாலும் கிடைப்பது ரப்பர் குமிழும் குப்பியும்தான். பொறியில் வைக்கும் நேரம் வரை அவற்றின் உறையைப் பிரிக்கக்கூடாது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை புதிது மாற்ற வேண்டும். காவல் பொருள்கள் கெடுவதைத் தள்ளிப்போடுகின்றன, நிறுத்துவதில்லை.