கட்டடத்திலிருந்து வீடியோ கேமுக்கு, அங்கிருந்து வகுப்பறைக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

என்னிடம் படித்து இப்போது கட்டடக்கலைக் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "சார், பிள்ளைகளுக்கு அன்ரியல் என்ஜின் சொல்லித்தருகிறோம். 'ஃபீஸ் கட்டி கேம் விளையாடவா அனுப்பினோம்' என்று பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். என்ன சொல்வது?" அந்தக் கேம் எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள் என்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொழில் தெரியாத உறவினர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டடத்தைக் கணினியில் மாடலாகச் செய்து, வெயில், நிழல், சுவர் நிறம் எல்லாம் கணக்கிட்டுப் படமாக்குவது ரெண்டரிங். முன்பெல்லாம் ஒரு படத்துக்கு ஒரு ராத்திரி ஆகும். ஜூரிக்கு முந்தின நாள் ரெண்டர் போட்டுவிட்டு, கரண்ட் போகக் கூடாதே என்று சாமி கும்பிட்ட என் மாணவர்கள் பலர் இதைப் படிப்பார்கள். ரியல் டைம் ரெண்டரிங் என்றால் அதே படம் நொடிக்கு முப்பது தடவை வரவேண்டும். ஒரு படத்துக்குக் கிடைப்பது 33 மில்லிவிநாடி. அப்போதுதான் தலையைத் திருப்பினால் அறையும் திரும்பும்.

1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். ஒளிப்பேனாவால் திரையில் கோடு போடலாம், இரண்டு கோடுகளும் இணையாக இருக்கட்டும் என்று கட்டளையும் இடலாம். கட்டடக்காரர்கள் பக்கத்திலிருந்து இதைப் பிடித்துக்கொண்டவர் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் கிரீன்பெர்க். 1970களின் தொடக்கத்தில், சிரக்யூஸ் நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்த கணினியைக் கொண்டு, தம் மாணவர்களோடு கார்னெல் வளாகத்தைப் படமாக்கினார். 1974 மே மாத சயின்டிஃபிக் அமெரிக்கனில் அவர் எழுதிய கட்டுரை வந்தது. ஆனால் அது சினிமா. பார்க்கலாம், உள்ளே போக முடியாது.

உள்ளே போனது சாப்பல் ஹில்லில். வட கரோலினா பல்கலைக்கழகக் கணினித் துறையை நிறுவிய ஃபிரெட் புரூக்ஸ், ஐ.பி.எம். 360 கணினியை உருவாக்கிய திட்டத்தை நடத்தியவர். 1980களின் நடுவில் அந்தத் துறைக்கு சிட்டர்சன் ஹால் என்ற புதுக் கட்டடம் வரவிருந்தது. வரைபடத்தை வாங்கிக் கணினியில் ஏற்றி, "வாக்த்ரூ" என்று பெயர் வைத்து அதற்குள் நடந்து பார்த்தார்கள். பிறகு டிரெட்மில் வைத்து, சைக்கிள் ஹேண்டில்பார் பொருத்தி, உண்மையாகவே காலால் நடந்தார்கள். படம் தட்டித் தடுமாறித்தான் நகர்ந்தது.

லாபிக்கும் நடைவழிக்கும் நடுவே ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அங்கே வேலை பார்க்கப்போகிறவர்களுக்கு அது நெருக்கடியாகப் பட்டது. கட்டடக்கலைஞர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. மாடலுக்குள் அவர்களையே கூட்டிப்போய்க் காட்டியபின் சுவர் நகர்ந்தது. கட்டடம் 1987இல் திறக்கப்பட்டது.

எனக்கு இந்த வரலாற்றிலேயே முக்கியமான இடம் இதுதான். பிளான் படிக்கத் தெரியாதவர் கட்டடக்கலைஞரோடு வாதாடி ஜெயிப்பது லேசில்லை. நம் ஊரில் மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டதும் வீட்டு அம்மா உள்ளே நின்று, "இவ்வளவுதான் அடுப்படியா?" என்பாரே, அந்தக் கேள்வியைக் காகிதத்தில் கேட்க முடியாது.

அடுத்தது பெர்க்லி. அங்கே சோடா ஹால் என்ற கட்டடம் 1994இல் முடிவதற்கு முன்பே கார்லோ சேக்கின், செத் டெல்லர், தாமஸ் ஃபங்க்ஹவுசர் ஆகியோர் அதன் மாடலுக்குள் நடக்க முயன்றார்கள். மேசை நாற்காலியோடு அவ்வளவு பெரிய கட்டடத்தை அன்றைய கணினி தாங்காது. அவர்கள் யோசனை எளிமையானது. அறைக்குள் நிற்பவருக்கு வாசல், ஜன்னல் வழியாகத் தெரிவது மட்டும்தானே கண்ணில் படும்? எந்த அறையிலிருந்து எந்த அறை தெரியும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிட்டால் மற்றதை வரையவே வேண்டாம். 1991இல் இதை வெளியிட்டார்கள்.

1993இல் டூம் விளையாட்டு வந்தது. அது பயன்படுத்திய பி.எஸ்.பி. மர முறையை 1980இல் வெளியிட்டவர்களில் ஒருவர் சாப்பல் ஹில்லின் ஹென்றி ஃபுக்ஸ். 1996இல் வந்த குவேக், எங்கிருந்து எது தெரியும் என்று முன்கூட்டிக் கணக்கிடும் அதே தத்துவத்தில் ஓடியது. பிசாசைச் சுடுவதற்கு வேகம் கொடுத்த கணக்கில் ஒரு பங்கு, கட்டடத்துக்குள் நடப்பதற்காகப் போட்ட கணக்கு. பெற்றோரிடம் இதைச் சொல்லலாம்!

திரும்பி வரவும் அதிக நாள் ஆகவில்லை. 1990களின் இறுதியில் கேம்பிரிட்ஜில் குவேக் 2 என்ஜினிலேயே புதிய கணினி ஆய்வகக் கட்டடத்தைச் செய்து, அங்கே குடியேறப்போகிறவர்களை உலவவிட்டார்கள். ஸ்கெட்ச்அப் 2000இல், லூமியன் 2010இல் வந்தன. அன்ரியல் என்ஜின் 2015இல் இலவசமானது. மற்றது உங்களுக்கே தெரியும்.

வகுப்பறையில் என்ன மாறியது என்றால், மவுஸ் கை மாறியது. ஒற்றைப் படம் வைத்திருக்கும் மாணவன் கோணத்தைத் தானே தேர்ந்தெடுப்பான். இடிக்கும் தூணை மறைக்க ஒரு மரம் போதும். ஒருமுறை மருத்துவமனைத் திட்டத்துக்கு ஒரு மூத்த செவிலியரை ஜூரிக்கு அழைத்திருந்தேன். மாணவியிடம் மவுஸை வாங்கி, செவிலியர் மேசைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். "கடைசிக் கட்டில் தெரியலையேம்மா, ராத்திரி நான் எப்படிப் பார்க்கிறது?" என்றார். நடுவே தூண். பிளானில் அதை நாங்கள் மூன்று பேர் பார்த்துச் சரி சொல்லியிருந்தோம். அந்தப் பெண் அன்று மாலையே மேசையை இடம் மாற்றினாள்.

இந்தக் கருவியிடம் பொய்யும் உண்டு. கேமராக் கோணத்தை அகலப்படுத்தினால் பத்தடி அறை கல்யாண மண்டபமாகத் தெரியும். பிள்ளைகள் நடக்காமல் பறப்பார்கள். படிக்கட்டின் உயரம் காலுக்குத் தெரிவதில்லை. வெளிச்சமோ எப்போதும் பொன்மாலைதான். நம் ஊர் மே மாதத்து இரண்டு மணி வெயிலை வைத்து ரெண்டர் கொண்டுவந்த மாணவனை நான் பார்த்ததே இல்லை! அதனால் என் வகுப்பில் முதல் சுற்றுக்கு மூன்று விதிகள்: கண் உயரம் ஐந்தடி, மனிதன் நடக்கும் வேகம், எல்லாச் சுவரும் ஒரே சாம்பல் நிறம். பளபளப்பு பிறகுதான். இரண்டாம் சுற்றில் கண் உயரத்தை மூன்றரை அடியாக்கி, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவராகவோ சின்னக் குழந்தையாகவோ மறுபடி நடக்கவேண்டும். ஜன்னல் அடிச்சுவர் பாதிப் பேருக்கு அப்போதுதான் கண்ணில் படும்.

இப்போது பாடம் எடுப்பவர்கள் முதல் சுற்றுக்கு என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்? கமெண்டில் எழுதுங்கள். வி.ஆர். கண்ணாடி வைத்து நடத்துபவர்கள், மாணவர்களுக்குத் தலைசுற்றல் வந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.