பேஸ் கிட்டாருக்கு டிஐ பெடல் வாங்கப் போறீங்களா? இந்த 4 விஷயங்களைப் பாருங்க!

பெரிய மேடைகளில் ரசிகர்கள் கேட்பது உங்க ஆம்ப் சத்தத்தை அல்ல. டிஐ வழியாக மிக்ஸருக்குப் போகும் சத்தத்தைத்தான். நீளமான கேபிளிலும் இரைச்சல் சேராமல் சிக்னலை அனுப்புவது டிஐயின் வேலை. டோனை மாற்றுவது ப்ரீஆம்ப்.

1. கிரவுண்ட் லிஃப்ட்: கிரவுண்ட் லூப்பால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வந்தால் இந்த சுவிட்ச் காப்பாற்றும்.

2. ப்ரீ/போஸ்ட்: ப்ரீயில் வைத்தால், நீங்க ஈக்யூவை எவ்வளவு திருகினாலும் மிக்ஸருக்குப் போகும் சத்தம் மாறாது.

3. பவர்: பேட்டரி பாதியில் தீர்ந்தால் கச்சேரியே கெடும். சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர், எம்எக்ஸ்ஆர் எம்80 போன்றவை மிக்ஸரின் 48 வோல்ட் ஃபாண்டம் பவரிலும் இயங்கும்.

4. மிட்: தனியாக வாசித்துப் பார்த்து வாங்காதீங்க. டிரம்ஸோடு சேரும்போது பேஸைத் தெளிவாகக் கேட்க வைப்பது மிட்தான்.